பரங்கிமலைப் பதக்கக் கடை: வேலை சுத்தம், பக்கம்தான் தப்பு

ஐந்து ராணுவப் பதக்கங்களை வரிசையாகக் கோத்து ஒரே பட்டையில் தைத்து வாங்க எனக்கு மூன்று நடை, பதினேழு நாள், 2,650 ரூபாய் ஆனது. வேலை பிரமாதம். ஆனால் இரண்டாவது நடையில் கடையில் என்னைக் கொன்றுவிட்டார்கள். அது கொஞ்சம் பெரிய கதை, வரிசையாகச் சொல்கிறேன்.

கடை, பரங்கிமலை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு பாய், இரண்டு பையன்கள், மூன்று தையல் மெஷின், அவ்வளவுதான் கடை. குறையும் எழுதப்போகிறேன் என்பதால் அவர்கள் பிழைப்பில் கை வைக்க மனமில்லை. அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தோளில் குத்தும் நட்சத்திரங்கள், ரிப்பன் சுருள்கள், பெல்ட் பக்கிள், விசில் கயிறு எல்லாம் இருக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பாசிங் அவுட் பரேடு, அதாவது பயிற்சி முடிப்பு அணிவகுப்பு, நெருங்கும்போது மட்டும் போகாதீர்கள், உள்ளே நிற்கக்கூட இடம் கிடைக்காது.

நான் போனது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காரணம் ஜனவரி 14. ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-இல் அந்தத் தேதியில்தான் ஓய்வு பெற்றார். அதை வைத்து 2016 முதல் அந்த நாளை முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்குப் பல வருடங்களில் அன்றுதான் போகி. வீட்டில் பழசையெல்லாம் வாசலில் போடுகிற நாளில், எங்களைப் போன்ற பழசுகளுக்கு எங்காவது ஒரு பந்தலில் நாற்காலி போட்டு டீ கொடுப்பார்கள். போன சில வருடங்களாக நான் வெறும் புடவையில் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வாசலில் நிற்கும் பிள்ளை, "ஃபேமிலிக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி" என்று கை காட்டும். குற்றம் அந்தப் பிள்ளைமேல் இல்லை. நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? சரி, இந்தத் தடவை நெஞ்சில் குத்திக்கொண்டே போய்விடலாம் என்று பிஸ்கட் டப்பாவில் கிடந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டப்பாவில் என்னென்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். 1999-க்கு ஆபரேஷன் விஜய் பதக்கம். கார்கில் சண்டை நடந்தபோது நான் உதம்பூரில் ரேஷன் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி லாரியாக மாவும் மண்ணெண்ணெயும் டின் பழமும் மேலே போகும், திரும்பி வரும் லாரிகளில் சில நாள் வேறு ஏதோ வரும். அடுத்தது, நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படையைக் குவித்தார்களே, அந்த ஆபரேஷன் பராக்கிரம். பிறகு ஜம்மு காஷ்மீர் பட்டையோடு சைன்ய சேவா பதக்கம். 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்ததற்காகச் சுதந்திரப் பொன்விழாப் பதக்கம். அன்று எனக்கு ஆறு மாத சர்வீஸ்கூட ஆகவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. கடைசியாக ஒன்பது வருட நீண்ட சேவைப் பதக்கம். வீரச்செயலுக்கென்று ஒன்றும் இல்லை. எல்லாம் இருந்ததற்கும் உழைத்ததற்கும் கிடைத்தவை.

இதில் அசல் இரண்டுதான். மற்ற மூன்றும் அந்தக் காலத்தில் கடையில் வாங்கிய நகல், முலாம் போய்ப் பல் இளித்துக்கொண்டிருந்தன. நகல் போட்டுக்கொள்வது எங்கள் ஆட்களிடம் சர்வசாதாரணம், அசலைப் பூட்டி வைத்துவிட்டு நகலோடு திரிகிறவர்களும் உண்டு. அசலை அடையாளம் காண்பது சுலபம். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும்.

பாய் பதக்கங்களைத் துணியில் பரப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, மிகப் பக்குவமாகக் கேட்டார்: "சார் இருக்காங்களாம்மா?"

எனக்கு உண்மையாகவே புரியவில்லை. "இருக்காரு பாய். வீட்ல கீரை ஆஞ்சிட்டு இருக்காரு" என்றேன்.

அவருக்குக் குழப்பம். உயிரோடு இருக்கிற சார் தன் பதக்கத்தைத் தானே கொண்டுவராமல் ஏன் வீட்டு அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறார்? "அளவு எடுக்கணுமே, அவங்க பிளேசர் கொண்டாந்தீங்களா?" என்றார். என் கணவர் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த ஒரே போர் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. நான் பதில் ஒன்றும் சொல்லாமல் சைன்ய சேவா பதக்கத்தை எடுத்து விளிம்பைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினேன். டபிள்யூ.எஸ். என்று தொடங்கும் எண்.

பாய் நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். எண்ணுக்கு முன்னால் ஐ.சி. என்றால் நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வரை அதிகாரிப் பணி, எஸ்.எஸ். என்றால் குறுகிய காலப் பணி, எல்லாம் அத்துப்படி. டபிள்யூ.எஸ். என்பது பெண் அதிகாரிகளுக்குத் தனியாகக் கொடுத்த எண் வரிசை என்பதும் அவருக்குத் தெரியும். பதக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, "மன்னிச்சுக்குங்க மேடம். எந்த பேட்ச்?" என்றார்.

1997 மார்ச். இதே பரங்கிமலை அகாடமி. 1992-இல் பெண்களுக்குச் சிறப்பு நுழைவுத் திட்டம் வந்து, 25 பேர் கொண்ட முதல் பேட்ச் 1993 மார்ச் 6 அன்று இங்கேதான் கமிஷன் பெற்றார்கள். அதற்குச் சரியாக நான்கு வருடம் கழித்து நாங்கள். எங்களுக்குப் பயிற்சி 24 வாரம். "அந்த ஃபர்ஸ்ட் பேட்ச் பொண்ணுங்களுக்கு எங்க வாப்பாதான் பேட்ஜ் தச்சாரு" என்று பாய் ஆரம்பித்தார். அப்புறம் அரை மணி நேரம் பதக்கப் பேச்சே நடக்கவில்லை, டீ மட்டும் இரண்டு தடவை வந்தது.

இனி வேலையைப் பற்றி. பதக்கம் கோப்பதில் இரண்டு வகை. ஸ்விங் மவுண்ட் என்றால் பதக்கங்கள் ரிப்பனில் தொங்கி ஆடும், நடந்தால் கிணுகிணுவென்று சத்தம் வரும். கோர்ட் மவுண்ட் என்றால் விறைப்பான அட்டை மேல் ரிப்பனை இழுத்து ஒட்டித் தைத்து, பதக்கம் அதன் மேலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும். நான் கோர்ட் மவுண்ட் கேட்டேன். வயதான காலத்தில் சலங்கை கட்டிய மாடு மாதிரி நடக்க விருப்பமில்லை.

ஒரு ரிப்பனின் அகலம் 32 மில்லிமீட்டர். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 16 சென்டிமீட்டர். ஆண்களின் பிளேசரில் அது தாராளமாக உட்காரும். என் பிளேசரில் காலர் மடிப்புக்கும் கை வெட்டுக்கும் நடுவே பாய் டேப் வைத்துப் பார்த்தார், பதினொன்றரைதான். அப்படியே தைத்தால் கடைசிப் பதக்கம் அக்குளுக்குள் போய்விடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி அடுக்கினால்தான் சரிப்படும். அப்படி அடுக்கும்போது நெஞ்சின் நடுவை ஒட்டி வருகிற மூத்த பதக்கம் முழுசாகத் தெரிய வேண்டும், மற்றவை அதன் அடியில் ஒளிய வேண்டும். வரிசை மாறினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பாய் ஒரு தாளையும் பார்க்காமல் விஜய், பராக்கிரம், சைன்ய சேவா, பொன்விழா, ஒன்பது வருடம் என்று சரியாக அடுக்கினார். ஐந்து விளிம்புகளும் கீழே ஒரே கோட்டில் நிற்கின்றன, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் கறுப்பு ஃபெல்ட் துணி, நூல் முடிச்சு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. வேறு ஊரில் ஒரு கடையில் பசை போட்டு ஒட்டிக் கொடுத்து இரண்டே மாதத்தில் பல்லாங்குழிச் சோழி மாதிரி உதிர்ந்த அனுபவம் எனக்கு உண்டு. இங்கே எல்லாம் கைத்தையல்.

புடவை விஷயம்தான் எனக்கு முக்கியம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சொந்தமாகப் பெற்ற பதக்கத்தை இடப் பக்கம் குத்த வேண்டும். மறைந்த வீரரின் பதக்கத்தை மனைவியோ அம்மாவோ நினைவிடத்தில் அணிவதாக இருந்தால் வலப் பக்கம். இது வழக்கம். இப்போது புடவை கட்டி நின்று பாருங்கள். முந்தானை எந்தத் தோளில் விழுகிறது? இடது தோளில். பதக்கம் வர வேண்டிய இடத்தில் ஆறு மடிப்புத் துணி. அதில் குத்தினால் பட்டை முன்னால் சாயும், மடிப்பு இறங்கும், அரை மணியில் முந்தானையே தோளைவிட்டு நழுவும். பாய் தராசில் போட்டுக் காட்டினார், கோத்து முடித்த பட்டை 180 கிராம். வலப் பக்கம் என்றால் ஒரு தொல்லையும் இல்லை. ரவிக்கை திறந்து கிடக்கிறது, பலகை மாதிரி நிற்கும். புடவை கட்டிய பெண், வீரரின் மனைவியாக வந்தால் பதக்கம் அழகாக உட்காருகிறது, வீரராகவே வந்தால் தொங்குகிறது. இத்தனை வருடம் புடவையும் கட்டி, பதக்கமும் வைத்திருந்தும் இதை நான் யோசித்ததே இல்லை. பாய்தான் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, "புடவை வலது பக்கத்துக்குத்தான் மேடம் தோதா இருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அவர் கண்டுபிடித்த வழி இது. ரவிக்கையின் உள்பக்கம், இடது தோளுக்கு நான்கு விரல் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு பக்ரம் (காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணி) துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார். பட்டையின் ஊசி முந்தானை மடிப்பு வழியாகப் போய், ரவிக்கையைத் துளைத்து, அந்த பக்ரத்தில் பிடித்துக்கொள்கிறது. பாரம் முழுவதும் ரவிக்கைக்கு, முந்தானைக்கு ஒன்றும் இல்லை. முந்தானை மடிப்புக்குப் பின்னால் வைக்கப் புடவை நிறத்திலேயே சின்ன ஃபெல்ட் துண்டும் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கட்டிக்கொண்டு மொட்டை மாடி ஏறி இறங்கி, துணி காயப்போட்டு, குனிந்து கோலம் போட்டுச் சோதித்தேன். அசையவில்லை. ஆனால் காஞ்சிபுரம் பட்டு வேண்டாம். பட்டில் ஊசி ஏற்ற பாயே மறுத்துவிட்டார், துளை மூடாதாம். கோரா காட்டனோ சில்க் காட்டனோ கட்டுங்கள்.

இப்போது கொலைக்கு வருகிறேன்.

பத்து நாளில் தருவதாகச் சொன்னது பதின்மூன்றாம் நாளும் ஆகவில்லை. போன் செய்தால் "நாளைக்கு" என்றார்கள், இது எல்லாத் தையற்கடைக்கும் பொது. நேரில் போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பெரிய பையன் பிளேசரை எடுத்துக் காட்டினான். பட்டையை மாட்டுவதற்கான நூல் வளையங்கள் இரண்டும் வலது மார்பில்! "தம்பி, இது இடது பக்கம் வரணுமே" என்றேன். "லேடீஸ் பிளேசர்னா ரைட்ல தானே மேடம் வைப்போம்" என்றான். இதுவரை இந்தக் கடைக்குப் பதக்கத்தோடு வந்த பெண்கள் எல்லாம் யார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. "இது என்னோடது தம்பி" என்றேன். அவன் ரசீதை எடுத்து நீட்டினான். என் பெயருக்கு முன்னால் லெப்டினன்ட் கர்னல் என்பதைச் சுருக்கி ஆங்கிலத்தில் எல்.டி. என்று பாய் எழுதியிருக்கிறார். பையன் அதை "லேட்" என்று படித்திருக்கிறான். லேட் கர்னல். அதாவது காலமான கர்னல். என்னைச் சாகடித்து, என் பதக்கத்தை என் நினைவாக நானே வலப் பக்கம் குத்திக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தான்.

சிரித்துவிட்டேன். அவன்தான் பாவம், முகம் வெளுத்துப்போனான்.

பாய் வந்து பிரித்து மாற்றித் தைத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. ஆனால் பிளேசர் துணி கம்பளி என்பதால் வலது பக்கம் இரண்டு ஊசித் துளைகள் இன்னும் தெரிகின்றன. ஆவி காட்டினால் மூடும் என்றார். மூடவில்லை. நான் குறைக்கிற மதிப்பெண்ணில் பாதி இதற்காக, மீதிப் பாதி தாமதத்துக்காக.

பிளேசர் தைக்க மட்டும் இங்கே போகாதீர்கள். நான் கொண்டுபோனது வேறு இடத்தில் தைத்தது. இங்கே இருப்பது ஆண்களின் வெட்டு மட்டும்தான். அளவு எடுக்கப் பெண் இல்லை, திரைமறைவும் இல்லை. கடையில் தொங்கிய ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், தோள் இரண்டு விரல் வெளியே நின்றது. எனக்கு இது பழகிய உணர்வுதான். முதல் போஸ்டிங்கில் கொடுத்த ஜெர்சியின் கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக் குளிர்காலம் முழுக்க ஓட்டினேன். அப்போது அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது நடையில் கணவரையும் கூட்டிப் போனேன். கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், ஓய்வு பெற்ற சுபேதார். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையாம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் ஊர். நாங்கள் உள்ளே போனதும் அவர் விறைப்பாக எழுந்து என் கணவரைப் பார்த்து, "ஜெய் ஹிந்த் சாப்" என்றார். எனக்கு ஒரு வணக்கம், "நமஸ்தே மேம்சாப்". மேம்சாப் என்றால் அதிகாரியின் மனைவி. என் கணவர், இத்தனை வருடப் பழக்கத்தில், பதறாமல் என்னைக் கை காட்டி, "சாப் இவங்கதான். நான் மேம்சாப்" என்றார். பெரியவர் ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, என் பக்கம் திரும்பி மறுபடி முதலிலிருந்து சல்யூட் அடித்தார். நான் ஏ.எஸ்.சி., அதாவது படைக்கு ரேஷனும் எரிபொருளும் அனுப்புகிற பிரிவு, என்று சொன்னதும், "கார்கில்ல எங்களுக்கு வந்த டின் அன்னாசிப்பழம் நீங்க அனுப்பினதா மேடம்? வாழ்க்கையில இனிமே அதத் தொட மாட்டேன்" என்றார். இதைவிட நல்ல அங்கீகாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர்தான் பென்ஷன் எவ்வளவு என்று கேட்டார். பூஜ்யம் என்றதும் நம்பவில்லை. பென்ஷனுக்கு இருபது வருடம் வேண்டும், எங்களைப் பதினான்கோடு அனுப்பினார்கள். 2011-இல் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். குறுகிய காலப் பணியில் வந்த ஆண்களுக்கு நிரந்தர கமிஷன் கேட்க வழி இருந்தது, எங்கள் பிரிவில் பெண்களுக்கு அது இல்லை. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று அதை மாற்றிச் சொன்னபோது பணியில் இருந்தவர்களுக்கு விடிந்தது. எனக்குப் பின்னால் வந்த ஒருத்தி இன்று கர்னல். நான் தீர்ப்பைச் சமையலறையில் நின்று டிவியில் பார்த்தேன், சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சரிபாதி. 2019 மார்ச்சில் எங்களைப் போன்றவர்களையும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள அமைச்சரவை முடிவு செய்தது ஒரு நிம்மதி. சுபேதார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கேன்டீன் கார்டாவது உண்டா?" என்றார். பட்டாளத்துக்காரர் கவலை பட்டாளத்துக்காரருக்குத்தான் தெரியும்.

ஒரு விஷயத்தில் தமிழ் என்னைக் கைவிடவில்லை. ஆங்கிலத்தில் எங்களுக்குள்ள பெயர் எக்ஸ்-சர்வீஸ்மேன், அதில் ஓர் ஆண் குந்தியிருக்கிறான். இந்தியில் பூதபூர்வ சைனிக், பூதம் போலக் கேட்கும். தமிழில் முன்னாள் படைவீரர். அந்த 'அர்' விகுதியில் நானும் அடக்கம், சுபேதாரும் அடக்கம். விழா மேடையில் அறிவிப்பாளர் மரியாதை செய்வதாக நினைத்து "முன்னாள் வீராங்கனை" என்று அழைத்தார், கபடி ஆடிவிட்டு வந்தவள் போலப் போய் உட்கார்ந்தேன். ஆனால் ஃபேமிலி பக்கம் யாரும் கை காட்டவில்லை.

கணக்கு: கோர்ட் மவுண்ட் ஐந்துக்கு 1,300 ரூபாய், புது நகல் மூன்று 450, மாலை விருந்துக்குப் போடுகிற குட்டிப் பதக்க வரிசை 650, ரவிக்கை பக்ரம் வேலை 250. ஜிபே எடுத்துக்கொள்கிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லை, ரயிலில் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை அடைத்திருக்கும். சொன்ன தேதிக்கு மேல் ஒரு வாரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கமா வலது பக்கமா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், பதவியைச் சுருக்காமல் முழுசாக எழுதச் சொல்லுங்கள். நான் கடைசியாகப் போனபோது பெரிய பையனின் மெஷினுக்கு மேலே சுவரில் பாய் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தார், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில்: "எல்.டி. என்றால் உயிரோடு இருக்கிறார்."